மலைநகரக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை ஆண்டு முழுவதும் தடுமாறாமல் இயக்குவது எப்படி: நீலகிரி, பழனி மலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஜனவரி மாத விடியற்காலையில் ஊட்டிப் பக்கம் சுற்றியிருக்கும் புல்தரையெல்லாம் உறைபனியால் வெளுத்துக் கிடக்க, கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் காற்றூட்டும் தொட்டியின் மேல் மட்டும் ஆவி எழுந்துகொண்டிருக்கும். அந்த ஆவியைப் பார்த்துத் தொட்டிக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் சமவெளியில் செய்யும் வேலையில் பாதியைக்கூட அந்த நேரத்தில் செய்துகொண்டிருக்காமல் இருக்கலாம். சமவெளி ஊர்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மாறுதலாகி மேலே வரும் ஆபரேட்டர்கள் முதல் குளிர்காலத்தில் திணறுவதற்கு இதுதான் காரணம். இயந்திரங்களும் கையேடும் அவர்களுக்குப் பழக்கமானவைதான். மாறியிருப்பவை நீரின் வெப்பநிலை, காற்றின் அடர்த்தி, ஊருக்குள் வரும் கூட்டம், மழை ஆகிய நான்கு மட்டுமே.

மலைநகரங்களில் இத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில் ஒரு கருத்தை முன்வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மலையில் சுத்திகரிப்பு நிலையத்தை இன்றைய நிலவரத்தைப் பார்த்து இயக்க முடியாது. ஒரு மாதம் கழித்து வரப்போவதை நினைத்துத்தான் இயக்க வேண்டும். நுண்ணுயிர்க் கூட்டம் பெருகவும் குறையவும் வாரக்கணக்கில் ஆகிறது என்பதால், மே மாதக் கூட்டத்துக்கான ஆயத்தத்தை மே மாதத்தில் தொடங்குபவருக்கு அந்த ஆண்டு கைநழுவிப் போய்விடும்.

முதற்படி: உள்ளே வருவதைக் கணக்கிடுதல்

நிலையத்துக்கு எவ்வளவு நீர் வருகிறது என்பதை வடிவமைப்புக் கோப்பிலிருந்து எடுக்காமல், நீங்களே அளந்து அறிந்துகொள்ளுங்கள். நம் நாட்டு நடைமுறையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்றும், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்றும் கொள்வது வழக்கம். ஆகவே நிரந்தரமாக 30,000 பேர் வாழும் ஓர் ஊரிலிருந்து ஏறத்தாழ 32 லட்சம் லிட்டர் வரும். தங்கும் விடுதிகளுக்கு ஒரு படுக்கைக்கு 180 லிட்டர் என்பது கணக்கு என்பதால், சீசனில் அதே ஊரில் 10,000 படுக்கைகள் நிரம்பினால், அதே 80 சதவீதக் கணக்கில், இன்னும் 14 லட்சம் லிட்டருக்கு மேல் சேரும். வரத்து இவ்வாறு 44 சதவீதம் கூடுகிறது. அதுவும் காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், எல்லோரும் ஒரே நேரத்தில் குளித்துக் கிளம்பும்போது கூடுகிறது.

ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரையிலான முதல் சீசனும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் இரண்டாம் சீசனும் எல்லோருக்கும் தெரிந்தவை. எந்த வாரத்தில் எவ்வளவு என்பதுதான் முன்பு தெரியாமல் இருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்த பிறகு, வண்டிகளின் எண்ணிக்கையும் ஆட்களின் எண்ணிக்கையும் மாவட்ட நிர்வாகத்திடம் சேர்கின்றன. போக்குவரத்துக்காகத் திரட்டப்படும் இந்தக் கணக்கு நம் தொழிலுக்கும் அதே அளவு பயன்படும். வாரம் ஒருமுறை அதைக் கேட்டு வாங்கி, வரத்து அளவுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இரண்டு சீசன்கள் கடந்தால், பத்தாயிரம் பேர் கூடினால் உங்கள் ஊரில் எத்தனை லட்சம் லிட்டர் கூடுகிறது என்பது உங்கள் கையிலேயே இருக்கும்.

அடுத்து, பின்னிரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே வரும் நீரை அளக்க வேண்டும். ஊர் உறங்கும் அந்த நேரத்தில் வருவதில் பெரும்பகுதி குழாய்களின் விரிசல்கள் வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் மண்ணிலிருந்து கசிந்து வரும் ஊற்று நீர். கோடையில் ஒருமுறையும், தென்மேற்குப் பருவமழை நின்று ஒரு வாரத்தில் ஒருமுறையும் அளந்து ஒப்பிட்டால், உங்கள் பாதாளச் சாக்கடை எவ்வளவு ஓட்டையாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மழை பெய்துகொண்டிருக்கும் அந்த மணியிலேயே வரத்து எகிறினால் அது கசிவு இல்லை. வீட்டுக் கூரைத் தண்ணீரை நேரே பாதாளச் சாக்கடையில் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். சரிவில் அடுக்கடுக்காக வீடு கட்டியிருக்கும் ஊர்களில் இது மிகவும் சாதாரணம். கீழ்வீட்டுச் சுவரில் தண்ணீர் இறங்கக் கூடாது என்று மேல்வீட்டுக்காரர் செய்யும் ஏற்பாடு அது. அபராதம் போடுவதற்கு முன்னால், மழைநீருக்கு வேறு வழி காட்டிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: குழாய்களிலேயே பாதிப் பிரச்சினையைத் தடுத்தல்

கழிவுநீர்க் குழாயில் அழுக்கு தங்காமல் ஓட நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும். 3 மீட்டரைத் தாண்டினால் குழாய் அரிக்கும். சமவெளி ஊர்களின் கவலை முதல் எண்ணைப் பற்றியது. நம் கவலை இரண்டாவதைப் பற்றியது. செங்குத்தான இறக்கத்தில் நீர் மெல்லிய படலமாக ஓடிவிட, திடப்பொருள் பின்தங்கி ஒட்டிக்கொள்கிறது. 60 சென்டிமீட்டருக்கு மேல் மட்ட வேறுபாடு வரும் இடங்களில் செங்குத்துக் குழாயுடன் கூடிய இறக்கத் தொட்டி கட்டுவதே விதி. அப்படிக் கட்டாமல் மேலிருந்து அப்படியே கொட்டவிட்டிருக்கும் மேன்ஹோல்களில் தளம் பெயர்ந்திருக்கும்; நீர் சிதறும்போது விஷவாயு வெளியேறி மூடியின் அடியில் சேர்ந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் மாத வறட்சியில், இறக்கத் தொட்டிகளை மட்டுமாவது வெளியிலிருந்து கேமரா இறக்கிப் பாருங்கள்.

கொழுப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னை உணவகத்தின் சாக்கடையில் விழும் வனஸ்பதி சிறிது தூரமாவது இளகி ஓடும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அது பாத்திரம் கழுவும் தொட்டியைத் தாண்டி இரண்டு வளைவுகள் போவதற்குள் மெழுகாக உறைந்துவிடுகிறது. வர்க்கி சுடும் பேக்கரிகள், சாக்லேட் செய்யும் வீட்டுத் தொழிற்கூடங்கள், பிரியாணிக் கடைகள், விடுதிச் சமையலறைகள் ஆகியவை நெருக்கமாக இருக்கும் தெருவில் ஒரு மூடியைத் திறந்து பாருங்கள். குழாயின் உட்சுவர் முழுவதும் விரல் கனத்துக்கு வெள்ளைப் படலம் படர்ந்து, நடுவில் கையளவு துளை மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தப் படலத்தில் ஷாம்பு உறையும் நாப்கினும் ஈரத்துடைப்பானும் ஒட்டினால் அடைப்பு முழுமையாகிவிடும். நீரை வேகமாகப் பீய்ச்சும் ஜெட்டிங் லாரியைக் கொண்டுவந்து அடித்தால் துண்டுதுண்டாக உடைந்து நிலையத்துக்குத்தான் வந்து சேரும். அங்கே காற்றூட்டும் தொட்டியில் நுரையாக உருவெடுக்கும். ஆகையால் கொழுப்பை அந்தக் கடையின் பின்வாசலிலேயே நிறுத்த வேண்டும். கொழுப்புத் தடுப்புத் தொட்டி இருக்கிறதா என்று கேட்பதோடு விடாமல், கடைசியாக எப்போது வழித்தெடுத்தீர்கள், எடுத்ததை எங்கே போட்டீர்கள் என்று கேளுங்கள். சீசனில் வாரம் ஒருமுறை வழித்தெடுக்காத தொட்டி இருந்தும் இல்லாததற்குச் சமம். வெந்நீரும் சோப்பும் ஊற்றிக் கரைத்துவிடும் வழக்கத்தை மட்டும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள்; அடைப்பு அடுத்த தெருவுக்கு நகர்கிறது, அவ்வளவே.

மூடிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காட்டெருமைகள் தெருவில் நடமாடும் ஊர்கள் இவை. விரிசல் விட்ட மேன்ஹோல் மூடியும், பலகை போட்டு மூடிய செப்டிக் டேங்க்கும் அந்த எடையைத் தாங்காது. கன்று உள்ளே விழுந்தால் தாய் அந்த இடத்தை விட்டு நகராது. இரவு முழுவதும் அந்தத் தெருவில் எவரும் நடமாட முடியாது. கனரக மூடி வாங்க ஒதுக்கப்படும் பணத்தை வீண் செலவு என்று எண்ண வேண்டாம்.

இணைப்பு கிடைக்காத வீடுகளின் செப்டிக் டேங்க்குகளிலிருந்து லாரியில் வரும் கசடு, சாதாரணக் கழிவுநீரைவிடப் பல மடங்கு செறிவானது. ஒரு லாரியை ஒரே மூச்சில் நுழைவாயிலில் கொட்டினால், சிறிய நிலையத்தின் ஆக்சிஜன் அளவு அரை மணி நேரத்தில் தரைமட்டமாகும். தனித்தொட்டியில் வாங்கி வைத்து, வரத்து குறைவான இரவு நேரத்தில் சிறுகச் சிறுக விடுங்கள்.

மூன்றாம் படி: காற்றைப் புரிந்துகொள்ளுதல்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டரைத் தாண்டியது. குன்னூர் 1,850 மீட்டர் அளவில் உள்ளது. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 77 சதவீதமே. தொட்டிக்குக் காற்றை அனுப்பும் ப்ளோயர் ஒரு சுற்றில் இழுக்கும் காற்றின் கன அளவு எங்கும் ஒன்றுதான் என்றாலும், அந்தக் காற்றில் உள்ள ஆக்சிஜன் இங்கே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் திறனை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். மின் மோட்டார்களும் டீசல் ஜெனரேட்டரும் அப்படித்தான். பொதுவாக 1,000 மீட்டர் உயரம் வரைதான் மோட்டாரின் முழுத் திறனுக்கு உத்தரவாதம். மெல்லிய காற்று மோட்டாரைச் சரியாகக் குளிர்விப்பதும் இல்லை.

நீரில் கரையக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவும் குறைகிறது. கடல் மட்டத்தில் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் கரையும். ஊட்டியில் அதே வெப்பநிலையில் 7 மில்லிகிராம்தான். நீர் 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் இது 8.7 வரை ஏறும். இதிலிருந்து கிடைக்கும் பாடத்தைப் பலர் கவனிப்பதில்லை. நமக்கு ஆக்சிஜன் தட்டுப்பாடு வருவது ஏப்ரல், மே மாதங்களில். நீர் வெதுவெதுப்பாகவும் கூட்டம் உச்சத்திலும் இருக்கும் காலம் அது. டிசம்பர், ஜனவரியில் ஆக்சிஜன் தாராளமாகவே கரைகிறது. அப்போது மந்தமாக இருப்பவை உயிரிகள். குளிர்காலத்தில் வெளியேறும் நீர் கெட்டுவிட்டது என்று இரண்டாவது ப்ளோயரையும் சேர்த்து ஓடவிடுவதால் மின்கட்டணம்தான் ஏறும். மிகையான காற்று, நுண்ணுயிர்கள் ஒன்றுசேர்ந்த கசடுத் திரளைகளைச் சிதைத்து நீரை இன்னும் கலங்கலாக்கவும் கூடும்.

செய்ய வேண்டியது இதுதான். தொட்டியின் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களில், காலை ஒன்பது மணிக்கும் பின்னிரவிலும் கரைந்த ஆக்சிஜனை அளந்து எழுதுங்கள். கடைசிப் பகுதியில் 1.5 முதல் 2 மில்லிகிராம் இருந்தால் போதும். மீட்டரை அளவீடு செய்யும்போது உங்கள் ஊரின் உயரத்தையோ காற்றழுத்தத்தையோ அதில் பதிந்தே தீர வேண்டும். கடல் மட்டத்துக்கு அமைத்த மீட்டர், இருப்பதைவிடக் கூடுதலாக ஆக்சிஜன் இருப்பதாகக் காட்டி உங்களை ஏமாற்றும். தொட்டியின் அடியில் காற்றைக் குமிழிகளாக விடும் டிஃப்யூசர்களை மார்ச் மாதத்திலேயே கவனியுங்கள். நீரின் மேற்பரப்பில் ஓர் இடத்தில் கொதிப்பது போலப் பெரிய குமிழிகள் எழுந்தால் அங்கே சவ்வு கிழிந்திருக்கிறது. மற்ற இடங்களில் குமிழியே இல்லாவிட்டால் அடைந்திருக்கிறது.

நான்காம் படி: ஜாடியைப் பார்த்து முடிவெடுத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

ஒரு லிட்டர் அளவு ஜாடியில் காற்றூட்டும் தொட்டியின் நீரை நிரப்பி, ஆடாத மேசையில் வைத்து, முப்பது நிமிடம் அதை விட்டு நகராமல் பாருங்கள். வெயில் விழும் சன்னலோரத்திலும் ஹீட்டர் பக்கத்திலும் வைக்கக் கூடாது; ஜாடி நீர் தொட்டி நீரைவிட வெப்பமாகிவிட்டால் சோதனை பொய் சொல்லும். முதல் இரண்டு நிமிடங்களில் பழுப்பு நீர் திரண்டு பஞ்சுத் துணுக்குகளாகும். ஐந்தாம் நிமிடத்தில் தெளிந்த நீருக்கும் கசடுக்கும் இடையே ஒரு கோடு தெரியத் தொடங்கும். அந்தக் கோடு நிதானமாக இறங்க வேண்டும். இறங்கும்போது மேலே உள்ள நீரில் பொடிப்பொடியாக எதுவும் மிதக்கக் கூடாது. கல் போலச் சட்டென்று விழுந்து மேலே கலங்கல் நீரை விட்டுவிட்டால், கசடு முதிர்ந்துவிட்டது. இறங்கவே மனமில்லாமல் முக்கால் ஜாடியில் நின்றுவிட்டால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறிவதுதான் ஆபரேட்டரின் கைத்திறன்.

முப்பது நிமிடத்தில் கசடு நின்ற மில்லிலிட்டர் அளவை ஆயிரத்தால் பெருக்கி, எம்எல்எஸ்எஸ் எனப்படும் கசடுச் செறிவால் வகுத்தால், கசடு எவ்வளவு நன்றாகப் படிகிறது என்பதைக் காட்டும் எஸ்விஐ கிடைக்கும். கசடு 600 மில்லிலிட்டரில் நிற்கிறது, எம்எல்எஸ்எஸ் 3,000 மில்லிகிராம் என்றால் எஸ்விஐ 200. இது இழை நுண்ணுயிர்கள் பெருகி உப்பிப்போன கசடு. அதே 600 மில்லிலிட்டர், எம்எல்எஸ்எஸ் 6,000 என்றால் எஸ்விஐ 100. கசடு நல்லதுதான், அளவுதான் மிகுந்துவிட்டது. எம்எல்எஸ்எஸ் முடிவு வரும்வரை காத்திருக்க முடியாவிட்டால், ஜாடி நீரில் பாதியைக் கொட்டிவிட்டு, சுத்திகரித்த நீரைச் சரிபாதி சேர்த்து மறுபடியும் வையுங்கள். கோடு மளமளவென்று இறங்கினால் கசடு அதிகம். அப்போதும் தயங்கினால் இழைதான் காரணம். 80 முதல் 150 வரையிலான எஸ்விஐ நிம்மதியானது.

குளிரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 25 டிகிரி நீரைவிட 10 டிகிரி நீர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பிசுபிசுப்பானது. ஆகையால் நல்ல கசடுகூட மெதுவாகவே படியும். இரவுப் பணியில் இருக்கும் தம்பி, "சார், கசடு இறங்க மாட்டேங்குது" என்று ஜனவரியில் கூப்பிட்டால், மருந்தைத் தேடுவதற்கு முன் நீரின் வெப்பநிலையைக் கேளுங்கள்.

அடுத்தது கசடின் வயது. தொட்டியில் உள்ள மொத்தக் கசடை நாள்தோறும் வெளியேற்றும் கசடால் வகுப்பதே கணக்கு. 2,500 கன மீட்டர் தொட்டியில் லிட்டருக்கு 3,200 மில்லிகிராம் இருந்தால் மொத்தம் 8,000 கிலோ. 8,000 மில்லிகிராம் செறிவுள்ள திரும்பு கசடிலிருந்து (கசடைப் படியவைத்து நீரைப் பிரிக்கும் தெளியும் தொட்டியிலிருந்து காற்றூட்டும் தொட்டிக்குத் திருப்பி அனுப்பப்படுவது) நாளொன்றுக்கு 40 கன மீட்டர் எடுத்தால் 320 கிலோ வெளியேறுகிறது. வயது 25 நாட்கள். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. நீர் 20 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு வந்தால் அவற்றின் பெருக்கம் பாதிக்கும் கீழே போகிறது. அவை பெருகுவதைவிட வேகமாக நாம் கசடை வெளியேற்றினால், சில வாரங்களில் தொட்டியில் அவை இல்லாமலேயே போய்விடும்.

இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மலைநகரில் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, சீசனுக்கு முன் மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று மார்ச் கடைசி வாரத்தில் கசடைத் தாராளமாக வெளியேற்றித் தொட்டியை இளநிறமாக்கி வைத்தேன். பார்வை நன்றாகவே முடிந்தது. மே முதல் வாரத்தில் விடுதிகள் நிரம்பியபோது, வந்த அழுக்கைத் தின்னப் போதிய உயிர்கள் தொட்டியில் இல்லை. வெள்ளை நுரை எழுந்தது, வெளியேறிய நீர் நாறியது, கீழே ஓடையோரத்தில் தோட்டம் வைத்திருந்தவர்கள் வந்து நின்றார்கள். அவர்கள் கேட்டது முழுவதும் நியாயம். நிலைமை சீராக நான்கு வாரங்கள் ஆயின. அதற்குள் சீசனே முடிந்திருந்தது.

அந்த ஆண்டுக்குப் பிறகு நான் பின்பற்றிய ஒழுங்கு இதுதான். அக்டோபர் கடைசியிலிருந்து கசடு வெளியேற்றத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, உறைபனி தொடங்கும் முன் எம்எல்எஸ்எஸ் அளவை உயர்த்திக்கொள்ள வேண்டும். கோடையில் 3,000 என்றால் குளிர்காலத்தில் 4,000 வரை போகலாம், தெளியும் தொட்டி தாங்குகிறதா என்பதை மட்டும் ஜாடி சொல்லும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதை அப்படியே காத்து வைத்தால், குளிருக்காகச் சேர்த்த கூட்டமே ஏப்ரல் சீசனுக்கும் உழைக்கும். மே நடுவிலிருந்து வெளியேற்றத்தைக் கூட்டத் தொடங்க வேண்டும். ஏனென்றால் ஜூன் மழையில் கனத்த கசடு இருந்தால் அது வெள்ளத்தோடு போய்விடும். எந்த மாற்றத்தையும் ஒரு நாளில் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் செய்ய வேண்டாம்.

ஐந்தாம் படி: காரத்தன்மையும் நுரையும்

ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற 4.6 கிராம் ஆக்சிஜனோடு, அமிலத்தை ஈடுகட்டும் காரத்தன்மையும் 7.1 கிராம் செலவாகிறது. நம் மலைகளின் நீர் மென்னீர். காரத்தன்மை இயல்பிலேயே குறைவு. லிட்டருக்கு 40 மில்லிகிராம் அம்மோனியா வந்தால் ஏறத்தாழ 285 மில்லிகிராம் காரத்தன்மை வேண்டும். அவ்வளவு இல்லாவிட்டால் தொட்டியின் பிஎச் 6.5-க்குக் கீழே சரிந்து, வேலை நின்றுவிடும். கிணற்று நீரைப் பயன்படுத்தும் சமவெளி ஊர்களில் இது பெரும்பாலும் தலைகாட்டாது என்பதால், பலர் இதைச் சோதிப்பதே இல்லை. வாரம் இருமுறை வெளியேறும் நீரின் காரத்தன்மையைச் சோதித்து, அது 70, 80 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் பாருங்கள். சுண்ணாம்பு இடலாம், ஆனால் அதற்கு முன், காற்றில்லாத பகுதிக்குக் கலவையைத் திருப்பி அனுப்பும் வசதி இருந்தால் அதை முழுமையாகப் பயன்படுத்துங்கள். அங்கே நைட்ரேட் பிரியும்போது, செலவான காரத்தன்மையில் பாதி இலவசமாகத் திரும்பிவிடும்.

நுரையில் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை நுரை இளம் கசடு அல்லது சோப்புக் கழிவு. தடித்த பழுப்பு நுரை, குச்சியால் கிளறினாலும் உடையாதது, குளிர்காலத்தில் மைக்ரோத்ரிக்ஸ் பார்விசெல்லா என்ற இழை நுண்ணுயிரின் வேலையாக இருக்கக்கூடும். அது குளிரையும் கொழுப்பையும் விரும்புவது. தண்ணீர் பீய்ச்சி அதைத் தொட்டிக்குள்ளேயே அடித்து இறக்கினால் விதை போட்டதாகும். வழித்தெடுத்து வெளியேற்றுங்கள், மீண்டும் நுழைவாயிலுக்கு அனுப்பாதீர்கள்.

ஆறாம் படி: மழையும் மின்வெட்டும்

2019 ஆகஸ்ட் மாதத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய நாளில் எந்த நிலையமும் முழுமையாகச் சுத்திகரிக்க முடியாது. கசடைக் காப்பாற்றிக்கொள்வதே அன்றைய வேலை. கசடு தங்கினால் மழை விட்ட மறுநாளே நிலையம் எழுந்துவிடும், போய்விட்டால் மாதக் கணக்காகும். வரத்து ஏறத் தொடங்கியதும் திரும்பு கசடு பம்பு முழுவதையும் திறந்துவிடுவது பலரும் செய்யும் தவறு. அது தெளியும் தொட்டியின் சுமையைத்தான் கூட்டும். மாறாக, காற்றூட்டும் தொட்டியின் கடைசிப் பகுதியில் காற்றைச் சில மணி நேரம் குறைத்தோ நிறுத்தியோ, கசடு அங்கேயே படியும்படி செய்யலாம். ஒரே தொட்டியில் காற்றூட்டலும் படிதலும் மாறி மாறி நடக்கும் தொகுதி முறையில் இயங்கும் நிலையமாக இருந்தால் சுழற்சி நேரத்தைச் சுருக்கும் மழைக்கால அமைப்பு இருக்கும். அதை மே மாதத்திலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மண் கலந்த நீர் வருவதால் மணல் அகற்றும் தொட்டியை அன்றாடம் காலி செய்ய வேண்டும்.

மரம் விழுந்து மின்சாரம் போவது மழைக்காலத்தில் வாடிக்கை. காற்று நின்று மூன்று மணி நேரத்துக்குள் ஜெனரேட்டர் ஓடவேண்டும். டீசல் குறைவாக இருந்தால் எல்லாப் பம்புகளையும் ஓட்டாமல், ஒரு ப்ளோயரை மணிக்குப் பதினைந்து நிமிடம் என விட்டுவிட்டு ஓட்டுங்கள். மின்சாரம் திரும்பியதும் முதலில் தெளியும் தொட்டியின் கசடைத் திருப்பி எடுங்கள்; அதற்குப் பிறகே வரத்தைப் படிப்படியாகத் திறக்க வேண்டும்.

ஏழாம் படி: குளோரினும் சோதனைகளும்

ப்ளீச்சிங் பவுடர் புதிதாக இருக்கும்போது 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும். ஜூன், ஜூலை மூடுபனியில் பை திறந்து கிடந்தால் சில வாரங்களில் அது வெறும் சுண்ணாம்பாகிவிடும். தரையில் பலகை போட்டு, சுவரைத் தொடாமல் அடுக்கி, ஒரு மாத இருப்புக்கு மேல் வாங்காமல் இருங்கள். குளோரின் நீரோடு கலந்திருக்கும் தொடுநேரம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. குளிர்ந்த நீரில் கிருமி சாக அதைவிடக் கூடுதலாகவே ஆகும்.

நீரில் எஞ்சிய அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனை அளக்கும் பிஓடி சோதனை, 20 டிகிரியில் ஐந்து நாட்கள் அல்லது 27 டிகிரியில் மூன்று நாட்கள் வைத்துப் பார்ப்பது. சமவெளிக்காக வாங்கிய, குளிர்விக்க மட்டும் தெரிந்த இன்குபேட்டர் ஊட்டிக் குளிரில் பயன்படாது. சூடாக்கவும் தெரிந்ததாக இருக்க வேண்டும். 2017-இல் மத்திய அரசு பெருநகரமல்லாத ஊர்களுக்கு பிஓடி வரம்பை 30 மில்லிகிராம் என அறிவித்தது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 என்று இறுக்கியது. உங்களுக்குப் பொருந்துவது மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் எழுதியிருக்கும் அளவு. நம்முடையது கடைசி ஊர் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. 1820-களில் ஜான் சல்லிவன் காலத்தில் உருவான ஊட்டி ஏரியில்தான் கோடப்பமந்து கால்வாய் வந்து சேர்கிறது. குன்னூர் ஆறு பவானிக்கு இறங்குகிறது. கொடைக்கானல் ஏரியின் உபரிநீர் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. நாம் விடும் நீரைக் கீழே இருப்பவர்கள் குடிக்கிறார்கள்.

எட்டாம் படி: ஆட்களின் உயிர்

உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் மேன்ஹோலுக்குள்ளோ கசடுத் தொட்டிக்குள்ளோ ஒருவரை இறக்கிச் சுத்தம் செய்வது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அடைப்பு எவ்வளவு அவசரமாக இருந்தாலும், யார் தொலைபேசியில் கூப்பிட்டு அதட்டினாலும், இயந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு) அளவில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டதே என்று தலையை உள்ளே நீட்டியவர்கள் திரும்பியதில்லை. விழுந்தவரைக் காப்பாற்ற மூச்சுக்கருவி இல்லாமல் இறங்கும் இரண்டாவது ஆளும் இறந்துபோவதே வழக்கமாக நடப்பது என்பதை ஒவ்வொரு ஷிப்டுக்கும் சொல்லுங்கள்.

மலைக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. இரவுக் குளிருக்குப் பம்பு அறையின் கதவைச் சாத்திக்கொண்டு தகர டின்னில் கரிக் கணப்பு மூட்டி உட்காருவார்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கழிவுநீர்த் தொட்டியின் பக்கத்தில் நெருப்பு என்றால் மீத்தேன் ஆபத்தும் சேர்கிறது. கணப்பைத் தடை செய்தால் மட்டும் போதாது. காற்றோட்டமுள்ள தனி அறை, மின் ஹீட்டர், கம்பளிச் சட்டை, தண்ணீர் புகாத பூட்ஸ் ஆகியவற்றைக் கொடுத்த பிறகுதான் தடை சொல்லும் உரிமை நமக்கு வரும். கரடியும் சிறுத்தையும் நடமாடும் பகுதிகளில் தொட்டிகளுக்கு இடையே நல்ல விளக்கும், இரவில் இருவராகச் செல்லும் ஏற்பாடும் வேண்டும்.

ஒன்பதாம் படி: கசடை உலர்த்துதல்

சமவெளியில் பத்துப் பதினைந்து நாளில் உலரும் மணற்படுக்கை, மலையின் மழை மாதங்களில் உலரவே உலராது. மேலே ஒளி ஊடுருவும் கூரை போட்டு, பக்கங்களைத் திறந்து விட்டால் ஓரளவு பயன் கிடைக்கும். திருகு அழுத்தி இயந்திரம் இருந்தால் மழைக்காலத்தை அதை நம்பித்தான் ஓட்ட வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை இரவு உறைபனி என்றாலும் பகல் வெயில் காய்ச்சலானது; உலர்த்தும் வேலையின் பெரும்பங்கை அப்போதே முடித்துவிடுங்கள்.

உலர்ந்த கசடைத் தோட்டக்காரர்கள் கேட்டு வருவார்கள். கேரட், பீட்ரூட், முள்ளங்கி என மண்ணுக்குள் விளைபவற்றைப் பயிரிடும் மலை இது. குடற்புழு முட்டைகள் குளிர்ந்த மண்ணில் நீண்ட காலம் உயிரோடிருக்கும். 55 டிகிரிக்கு மேல் பல நாட்கள் வெந்து, மட்கி, சோதிக்கப்பட்ட கசடைத் தவிர வேறெதையும் காய்கறி நிலத்துக்குக் கொடுக்காதீர்கள். மரக்கன்று நடும் பள்ளங்களுக்குக் கொடுக்கலாம். யாருக்கு, எத்தனை டிப்பர், எந்த நிலத்துக்கு என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மே நடுவில் கூட்டத் தொடங்கும் கசடு வெளியேற்றம் விழுவதற்கு இடம் வேண்டும் என்பதால், ஏப்ரல் கடைசிக்குள் எல்லாப் படுக்கைகளும் வழித்தெடுக்கப்பட்டு, குறைந்த மணல் நிரப்பப்பட்டு, காலியாக இருக்க வேண்டும்.